பெருவிரல் அகலக் காயம்

ரேணுகாதேவிக்கு இடுப்பு போய்விட்டது என்ற சேதி பரவியதும் நெல்லிப்பட்டில் வைத்தியம் தெரியாதவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை. சொந்த ஆட்டுக்குக் கழிச்சல் கண்டால் ஜமுனாமரத்தூருக்கு ஓடுகிறவர்கள் எல்லாம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று அவளுடைய முதுகெலும்பைப் பற்றி விளக்கம் சொன்னார்கள். வாயு என்றார் ஒருவர். உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். செருப்பில்லாமல் சிமெண்ட் தரையில் நிற்பதால் வருவது என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவளே செருப்பில்லாமல்தான் வந்திருந்தாள். ரேணுகாதேவி கதவு நிலையைப் பிடித்து ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"சொல்லி முடிச்சிட்டீங்களா? முடிச்சிட்டீங்கன்னா அந்தத் தண்ணிக் கொடத்த எடுத்து உள்ள வச்சிட்டுப் போங்க" என்றாள்.

உடனே எல்லோருக்கும் வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. மலைமேல் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை. விடியும் முன் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாக்களில் சோறும் சாம்பாரும் பொங்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். மனிதர்களை அவள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள்: தூக்குகிறவர்கள், பேசுகிறவர்கள். பள்ளி வார்டன் சரவணகுமார் பேசுகிறவர். கூடச் சமைக்கும் சாந்தம்மாள் தூக்குகிறவள். கொழுந்தன் இளவழகன் வார்டு மெம்பர், பேசுகிறவர்களுக்கே தலைவன். புருஷன் சின்னராஜை மட்டும் எதில் சேர்ப்பது என்று கல்யாணமான நாளிலிருந்து அவளால் முடிவு கட்ட முடியவில்லை. சாமைக் கொல்லையில் நாள் முழுக்க உழைப்பான். ஆனால் யார் என்ன சொன்னாலும் நம்புவான்.

இடுப்பு போனது மாசியில். புளி உலுக்கும் காலம் என்பதால் சாந்தம்மாள் தன் மரங்களைப் பார்க்க லீவு போட்டிருந்தாள். சாம்பார் அண்டா கொதித்து இறங்கத் தயாராக இருந்தது. சரவணகுமார் சமையல்கட்டு வாசலில் போனைப் பார்த்துக்கொண்டே நின்று, "சீக்கிரம்க்கா, பசங்க லைன்ல நிக்குதுங்க" என்றார். ஒரு கை கொடுங்கள் என்று கேட்பதைவிட அண்டாவைத் தனியாகத் தூக்குவது மானக்குறைவு இல்லாத காரியமாக அவளுக்குப் பட்டது. குனிந்து தூக்கி, பாதி திரும்பி, மேடையில் வைக்கப் போனாள். இடுப்புக்குள் ஏதோ நழுவியது. மறு நொடி இடது பிட்டத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, பாதத்தின் மேற்புறம் வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல ஒரு எரிச்சல் ஓடியது. அண்டாவைக் கீழே போடவில்லை. மேடையில் வைத்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றி முடித்தாள். பிறகுதான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, டயர்டா?" என்று கேட்டுவிட்டு சரவணகுமார் சாப்பிடப் போனார்.

அதன் பிறகு இருமினால் காலில் மின்சாரம் பாய்ந்தது. உட்கார முடியவில்லை. அரைநாள் லீவு, முழுநாள் லீவு என்று போய், கோடை விடுமுறை வந்தது. விடுமுறையில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்தாள். சின்னராஜ் சும்மா இருக்கவில்லை. அடிவாரத்திலிருந்து சிங்காரம் என்ற ஒருவரைக் கூட்டிவந்தான். எலும்பு வைத்தியர் என்று பெயர். அதற்கு முன்னால் செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். அவளைக் குப்புறப் படுக்கச் சொல்லி, எண்ணெயை ஊற்றி, இடுப்பின்மேல் ஏறி நின்றார்.

"ஏறி மிதிச்சா போதும். பிசகினது தானா உள்ள போய்டும்" என்றார்.

உள்ளே போனது என்னவோ அவளுடைய மூச்சுதான். இரண்டு நாள் தவழ்ந்து தவழ்ந்து கொல்லைப்பக்கம் போய்வந்தாள். மூன்றாம் நாள் நலம் விசாரிக்க வந்த சிங்காரத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு மிதி பாக்கி இருக்கும்மா" என்றார் அவர்.

"எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்க குப்புறப் படுங்க, நான் போட்டுட்றேன்" என்றாள்.

அவர் மலையிறங்கிப் போனார்.

அடுத்து இளவழகன் வந்தான். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த வழவழப்பான நோட்டீஸ் ஒன்று அவன் கையில் இருந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, தழும்பு இல்லை என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வெள்ளைக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லேசர் அண்ணி. காலைல போனா சாயந்தரம் வந்து வெறகு தூக்கலாம்" என்றான் இளவழகன்.

"நீ தூக்கிப் பாத்தியா?"

"எனக்கு இன்னா இடுப்பு வலியா?"

"வெறகத்தான் கேட்டேன்."

சின்னராஜ் கெஞ்சினதால் போனாள். அந்த இடத்தில் ஏசி நன்றாக வேலை செய்தது. டை கட்டிய பையன் ஒருவன் டிவியில் படம் போட்டுக் காட்டினான். படத்தில் சிவப்பாக ஒரு ஒளிக்கற்றை போய் எதையோ தொட, வலியில் இருந்த ஆள் எழுந்து கிரிக்கெட் ஆடினான். டாக்டர் எங்கே என்று ரேணுகாதேவி கேட்டாள். ப்ரொசீஜர் அன்றைக்குத்தான் வருவார் என்றான் பையன். முழுசாகக் குணமாகுமா என்று சின்னராஜ் கேட்டதற்கு, "நூத்துக்கு நூறு கேரண்டி சார்" என்றான். அவளுடைய காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மிக்ஸிக்குக்கூட ரெண்டு வருஷம்தான் கேரண்டி, இவன் ஒரு மனுஷியின் இடுப்புக்குக் கொடுக்கிறானே என்று நினைத்தபடி எழுந்து வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறினாள். இளவழகன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த லேசர் செய்த ஒரே நன்மை அது.

பள்ளி திறந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் வேலை முடிந்து ரோட்டில் நடந்து வரும்போது பின்னால் வந்த சாந்தம்மாள் கூப்பிட்டாள்.

"ஏ ரேணுகா, செருப்ப வுட்டுட்டுப் போறியே, இன்னா நெனப்புல நடக்கிற?"

திரும்பிப் பார்த்தாள். இடது கால் செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றது தெரியவே இல்லை. போட்டுக்கொண்டு நடந்தாள். மறுபடி கழன்றது. பாதத்தின் முன்பக்கம் மேலே எழவே மாட்டேன் என்றது. நடக்கையில் தரையில் தட்டித் தட்டி இழுபட்டது. வினோதமாக வலி கொஞ்சம் குறைந்திருந்தது. அதை நல்ல அறிகுறி என்று அவள் நினைத்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவளும் நோட்டீஸ் வாசித்தவர்களைப் போலத்தான் இருந்தாள்.

செருப்பு நிற்காததைக் காட்டப் போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா, படுக்க வைத்து, கால் பெருவிரலைத் தன் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொன்னார். வலது விரல் தூக்கியது. இடது விரல் சும்மா கிடந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இனிமே தள்ளிப் போடாதீங்கம்மா. நரம்பு பலம் கொறையுது. நாளைக்கே வேலூர் போங்க. நடுவுல ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, உக்கார்ற எடம் மரத்துப்போனாலோ, ராத்திரின்னும் பாக்காதீங்க, ஒடனே கெளம்பிடுங்க."

வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பு டாக்டர் தனசேகரன் மெலிந்த மனிதர், அதிகம் சிரிக்காதவர். படத்தை விளக்கில் மாட்டி பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஜவ்வு இருக்கு. அதுல ஒரு துண்டு பிதுங்கி வந்து, காலுக்குப் போற நரம்பு மேல உக்காந்திருக்கு. இந்த மாதிரி வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஆபரேஷனே வேணாம். மாத்திரை, பயிற்சி, கொஞ்ச நாள் பொறுமை, அதுலயே அடங்கிடும். உங்களுக்குக் கால் தளர்ந்துபோச்சு. அதனாலதான் ஆபரேஷன் சொல்றேன்."

"லேசரா சார்?" என்று சின்னராஜ் ஆவலாகக் கேட்டான்.

"இல்ல. பெருவிரல் அகலத்துக்குத் தோல வெட்டுவோம். சதைய அறுக்காம வெலக்கி, சின்னக் கொழாய் ஒண்ணு உள்ள விடுவோம். அது வழியா கேமராவுல பாத்து, நரம்ப அழுத்துற துண்ட மட்டும் எடுப்போம். முழு மயக்கம் குடுப்போம். அன்னிக்கே நடக்க வைப்போம். மறுநாள் வூட்டுக்குப் போலாம்."

"அப்போ சின்ன ஆபரேஷன்தான்" என்றான் சின்னராஜ்.

"வெட்டுதான் சின்னது" என்றார் டாக்டர். "உள்ள நடக்கிறது சின்னது இல்ல. அத வூட்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க."

ரேணுகாதேவி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "முழுசா சரியாய்டும்னு சொல்லுங்க சார், பண்ணிக்கிறேன்."

"சொல்லமாட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"கால்ல இழுக்குற வலி போறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. நெறைய பேருக்கு எழுந்திருக்கும்போதே போயிருக்கும். மரத்துப்போனது மெதுவாத்தான் போகும், மாசக்கணக்கு ஆகும். வெரல் பலம் திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். நீங்க லேட்டா வந்திருக்கீங்க. இடுப்பு கொஞ்ச வாரம் வலிக்கும், அதுக்கு பயப்படாதீங்க. நரம்போட உறை கிழியலாம், சீழ் வைக்கலாம், மிச்ச ஜவ்வு மறுபடி பிதுங்கலாம். பெரும்பாலும் வராது. வரவே வராதுன்னு எழுதித் தரமாட்டேன்."

சின்னராஜுக்கு வியர்த்துவிட்டது. ரேணுகாதேவிக்கோ மாசி மாதத்திலிருந்து கேட்ட பேச்சுகளில் இதுதான் கேட்கும்படியாக இருந்தது. இத்தனை மாதத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். பண்ணிக்கொள்கிறேன் என்றாள். காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினாள்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. இடுப்பில் கனமான ஒரு வலி இருந்தது. ஆனால் காலில் ஒன்றும் இல்லை. மாதக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்த அந்த எரிச்சலைத் தேடினாள், காணவில்லை. காலை எடுத்துவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் பயந்து போர்வைக்குள் கைவிட்டுத் தொடையைத் தடவிப் பார்த்தாள். இருந்தது. அவள் அழுகிறவள் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மயக்க மருந்தைக் காரணமாக வைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் பிசியோதெரபிஸ்ட் மர்யம் வந்தாள். வாணியம்பாடிப் பெண், முப்பது வயதிருக்கும், கறாரான குரல்.

"எழுந்துக்கலாமாம்மா?"

"வெட்டினதே இன்னிக்குத்தானே?"

"அதனாலதான். படுத்தே கெடந்தா பேஜாரு. அப்டி விருட்டுனு எழுந்துக்காதீங்க. மொதல்ல ஒரு பக்கமா பொரளுங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா வரணும், மரக்கட்டை உருளுது பாருங்க, அந்த மாதிரி. இப்ப கால கீழ வுடுங்க. கைய ஊணுங்க. ஆங், சபாஷ்."

நின்றாள். நாலடி நடந்தாள். மர்யம் அவளுடைய முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னாள். ஆறு வாரம் குனியக்கூடாது. இடுப்பைத் திருகக்கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. ரொம்ப நேரம் உட்காரக்கூடாது. நடக்கலாம், தினமும் கொஞ்சம் கூட்டி நடக்கலாம். காய்ச்சல் வந்தால், காயத்தில் நீர் கசிந்தால், உடனே போன் செய்ய வேண்டும்.

"பாத்திரம் கழுவலாமா?" என்று சின்னராஜ் கேட்டான்.

"நீங்க கழுவலாம்ணா, தாராளமா" என்றாள் மர்யம்.

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்ததால் அடக்கிக்கொண்டாள்.

காரில் சீட்டைச் சாய்த்துப் போட்டு ஊர் திரும்பினாள். கண்ணமங்கலத்தில் ஒரு தரமும் போளூரில் ஒரு தரமும் இறங்கிக் கொஞ்சம் நடந்தாள். மலைப்பாதையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரோடு போட்டவர்களின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காயம் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார்கள். குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட சடையனுக்கு வயிற்றில் ஒரு ஜாண் தழும்பு உண்டு. அதைச் சட்டையைத் தூக்கிக் காட்டியே அவர் பத்து வருஷமாக ஊரில் மரியாதை வாங்கிவந்தார். ரேணுகாதேவியின் இடுப்பிலோ சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் ஏமாந்த முகத்துடன் நிமிர்ந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த இடத்தில் செத்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர்கள் முகம்.

"இதுக்கா வேலூரு போனீங்க?" என்றாள் ஒருத்தி.

"முள்ளு எடுத்தாக்கூட இத்தவிட பெருசா இருக்குமே" என்றார் சடையன். தன் தழும்புக்குப் போட்டி இல்லை என்ற நிம்மதி அவர் குரலில் தெரிந்தது.

"சும்மா ஊசி போட்டு அனுப்பிட்டானுங்க" என்று தீர்ப்புச் சொன்னான் இளவழகன். "நான் சொன்ன எடத்துக்குப் போயிருந்தா இந்த பிளாஸ்திரியும் இருந்திருக்காது."

"மூளைக்கு அந்த எடத்துல இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டு வை" என்றாள் அவள், மரக்கட்டையாகப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே.

படுக்கை வாசம் அவளுக்கு ஒத்துவரவில்லை. காலையும் மாலையும் ரோட்டில் நடந்தாள். நடப்பதைப் பார்த்தவர்கள், நன்றாகத்தானே நடக்கிறாள், வேலைக்குப் போனால் என்ன என்றார்கள். படுத்திருப்பதைப் பார்த்தவர்கள், சொகுசு பழகிவிட்டது என்றார்கள். சின்னராஜ் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்து, பாதித் தண்ணீரைச் சட்டையிலும் மீதியை வீட்டிலும் ஊற்றினான். குழாயடியில் பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் திரும்பிச் சிரித்தான். அந்த மனுஷனுக்குக் கேலி என்பதே புரியாது. அது ஒரு வரம் என்று அந்த நாட்களில்தான் அவளுக்குத் தோன்றியது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. வருஷா வருஷம் ரேணுகாதேவிதான் ஊர்க்கூழ் காய்ச்சுவாள். இந்த வருஷம் வேறு பெண்கள் காய்ச்ச, கோயில் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விழாக் கமிட்டி இளவழகனுடையது. தோளில் புதுத் துண்டு. கூழ்க் குண்டானை அடுப்பிலிருந்து சாமி முன்னால் கொண்டுபோக ஆள் தேடினார்கள். இளவழகன் அவள் பக்கம் திரும்பவில்லை; ஆனால் அவள் காதில் விழும் தூரத்தில்தான் பேசினான்.

"தூக்குற ஆளு லீவுல இருக்குதும்மா. கத்தி படாத ஆபரேஷன், சம்பளத்தோட லீவு. நமக்குத்தான் இந்த மாதிரி நல்ல சீக்கெல்லாம் வரமாட்டேங்குது."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னராஜ் வரிசையில் சொம்பு வைத்துக்கொண்டு நின்றான். அவனும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. மரத்தடியிலிருந்து நேராக நடந்து வந்தாள். கைப்பிடித் துணியை எடுத்தாள். டாக்டர் சொன்னது, மர்யம் சொன்னது, எல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது. குனிந்தாள். குண்டானைத் தூக்கினாள். சாமி முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்து இளவழகனைப் பார்த்தாள். அவன் முகம் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "நான்தான் சொன்னேனே, அதுக்கு ஒண்ணுமே இல்லன்னு."

கூட்டம் தலையாட்டியது. ரேணுகாதேவி அங்கேயே நின்றாள். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை யாருக்காகச் செய்தோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூழ் குடித்துக்கொண்டிருந்த அந்த முகங்களில் ஒன்றுகூட அந்த விலை பெறாது.

மறுநாள் காலை காலில் பழைய எரிச்சல் கோடு போட்டது. சின்னராஜ் அவளைவிட வேகமாகப் பயந்தான். மறுபடி கார், மறுபடி போளூர், மறுபடி ஸ்கேன். வழி நெடுக அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். கண்ணமங்கலம் தாண்டியதும், "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். "நீ எல்லாத்துக்கும் சிரிப்ப" என்றாள் அவள். ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் தனசேகரன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஜவ்வு வெளிய வரல. நரம்பச் சுத்தி வீக்கம். ரெஸ்ட் எடுத்தா வடியும். அதிர்ஷ்டம்." பேனாவை மூடினார். "எதுக்குத் தூக்குனீங்க?"

"அவங்க வாய மூடத்தான்."

"மூடினாங்களா?"

"இல்ல சார்."

"அடுத்த தரம் கோவம் வந்தா வாயாலயே திட்டிடுங்கம்மா. முதுகுக்கு அதனால ஒரு கெடுதியும் இல்ல."

"அது எனக்கு நல்லா வரும் சார்" என்றாள்.

இந்த முறை மர்யம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டாள். பேசுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் உடற்பயிற்சி. வீக்கம் வடிந்தது. எரிச்சல் போனது. காலையில் ஒரு மைல், பிறகு இரண்டு மைல், பிறகு மேட்டுக்கொல்லை வரைக்கும் ஏறி இறங்கினாள். பெருவிரலைத் தினமும் பார்த்துக்கொண்டு தூக்கச் சொல்லிக் கட்டளையிட்டாள். முதலில் அது ஊர்க்காரர்களைப் போலவே சொன்னதைக் கேட்காமல் கிடந்தது. பல வாரம் கழித்து ஒரு நாள் நெல்மணி அளவு எழுந்தது. சின்னராஜைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தரையில் மண்டியிட்டு, சாமி வந்தவனைப் பார்ப்பதுபோல அந்த விரலைப் பார்த்தான்.

காலாண்டு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினாள். சரவணகுமார் நாற்காலியில் சாய்ந்தார்.

"தூக்க முடியலன்னா எப்படிக்கா சமையல் பண்ணுவீங்க? வேற வழி யோசிக்கலாமே, வீட்ல ரெஸ்ட் எடுக்கிற மாதிரி."

"கரண்டிய கையில புடிச்சித்தான் சமைக்கிறேன் சார், இடுப்பால இல்ல. அண்டாவ ரெண்டு பேரு தூக்கணும்னு உங்க ரூல்லயே இருக்கும், எடுத்துப் பாருங்க. ரெண்டாவது ஆளு வரலன்னா நீங்க வாங்க."

அவர் வருவதாக இல்லை. சாந்தம்மாள்தான் அப்போது வாயைத் திறந்தாள். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று நிற்கிறது என்றாள். அண்டா தள்ளத் துறை அனுப்பியது. வந்து மூன்று வருஷமாகிறது. பிரித்தால் அழுக்காகிவிடும், இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட வேண்டும் என்று சரவணகுமார் பிளாஸ்டிக் உறையோடு மறைத்து வைத்திருந்தார்.

ரேணுகாதேவி ஸ்டோர் ரூமுக்குப் போய் உறையைக் கிழித்தாள். சாந்தம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அடுப்பருகே நிறுத்தினாள். கொதித்த சாம்பாரை முதலில் பெரிய மொள்ளுக் கரண்டியால் பாதிக்குமேல் சின்னக் குண்டான்களுக்கு மாற்றினார்கள். மீதியோடு அண்டாவை இருவருமாக வண்டிக்கு நகர்த்தினார்கள். ரேணுகாதேவி குனியவில்லை, முழங்காலை மடித்துத் தாழ்ந்தாள், மர்யம் சொல்லிக்கொடுத்தபடி. மூன்று வருஷம் முன்னால் அந்த உறையை எவனாவது பிரித்திருந்தால் தன் இடுப்பில் குழாய் விட்டிருக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது, திட்டுவதற்குக்கூட வார்த்தை போதவில்லை.

மார்கழிக் குளிரில் இடது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இன்னமும் மரத்துத்தான் இருக்கிறது. அந்த இடத்தைத் தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருக்கும். விரல் முக்கால்வாசி தூக்குகிறது. பின்னால் வார் வைத்த செருப்புதான் போடுகிறாள். நாள் முழுக்க நின்றால் இடுப்பு முணுமுணுக்கும்; கொஞ்ச நேரம் நடந்தால் அடங்கும். காலில் இழுக்கிற அந்த வலி மட்டும் திரும்பி வரவில்லை. தண்ணீர் இன்னமும் சின்னராஜ்தான் எடுக்கிறான். இப்போது முக்கால் குடம் வீடு வந்து சேர்கிறது.

தை மாதம் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். சரவணகுமார் இஸ்திரி போட்ட சட்டையில் அவரைச் சமையல்கட்டுக்கு அழைத்துவந்து தள்ளுவண்டியைக் காட்டினார்.

"ஸ்டாஃப் உடம்பு முக்கியம் சார். அதனால இத நான் ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணேன்."

அதிகாரிக்கு மனம் நிறைந்தது. ரேணுகாதேவி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"என்னம்மா, வார்டன் உங்களையெல்லாம் நல்லா பாத்துக்கிறாரா?"

அவள் சாம்பாரைக் கிளறுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"பாத்துகினேதான் சார் இருப்பாரு."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். சாந்தம்மாள் அடுப்புப் பக்கம் குனிந்து, இல்லாத புகையை ஊதினாள்.